உருளைக்கிழங்குக்கு எத்தனை விசில்?

குக்கரில் உருளைக்கிழங்கை வேக வைத்தால் ஒரு நாள் தோல் வெடித்துக் கூழாகிவிடுகிறது, இன்னொரு நாள் அதே நாலு விசிலுக்கு நடுவில் கல் மாதிரி நிற்கிறது. தண்ணீரில் போடாமல் ஆவியில் வைத்தால் நன்றாக வரும் என்கிறார்கள், அப்படி வைத்தால் எத்தனை விசில் விட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

விசிலை எண்ணாதீர்கள் என்பதுதான் பதில். மீதியெல்லாம் ஏன், எப்படி என்ற விளக்கம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் என் அத்தை ஒரு சின்ன மெஸ் நடத்தினார். காலையில் பூரி, மசால் தோசை, மதியச் சாப்பாட்டுக்குப் பொடிமாஸோ வறுவலோ என்று தினமும் பத்துப் பன்னிரண்டு கிலோ கிழங்கு வேகும். கல்லூரி விடுமுறையில் போனால் சூடு ஆறுவதற்குள் தோலுரிக்கும் வேலை எனக்குத்தான். ஒரு தடவை அடுப்பருகில் விரல் விட்டு விசில் எண்ணிக்கொண்டு நின்றவனைப் பார்த்து, "கெழங்குக்கு என்ன காதா இருக்குது கண்ணு, விசிலை எண்ணறதுக்கு? கடியாரத்தப் பாரு" என்றார். அப்போது சிரித்துவிட்டேன். பிற்பாடு குக்கர் எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்த்தபோது, அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்று தெரிந்தது.

விசில் என்பது என்ன? குக்கருக்குள் ஆவி சேரச் சேர அழுத்தம் ஏறுகிறது. நம் வீட்டுக் குக்கர் வெயிட், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ என்ற அளவுக்கு அழுத்தம் ஏறும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டினால் எழும்பி, மிச்ச ஆவியைச் சீறி வெளியே விட்டுவிட்டு மறுபடி உட்காரும். அவ்வளவுதான் விசில். அதாவது "அடுப்பு தேவைக்கு மேல் எரிகிறது" என்று குக்கர் போடும் கூச்சல் அது. உள்ளே இருக்கிற கிழங்கு எவ்வளவு வெந்திருக்கிறது என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்தால் அரை நிமிடத்துக்கு ஒரு விசில் வரும், நாலு விசில் இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகும். அதையே சின்ன பர்னரில் சிம்மில் வைத்தால் விசிலுக்கு விசில் ஐந்து நிமிடம் ஆகும், நாலு விசிலுக்கு இருபது நிமிடம். இரண்டு வீட்டிலும் "நாலு விசில்" என்றுதான் சொல்வார்கள். ஒரு வீட்டில் கல், இன்னொரு வீட்டில் கூழ். உங்கள் வீட்டிலேயே ஒரு நாள் அப்படி ஒரு நாள் இப்படி என்றால், பர்னர் மாறியிருக்கும், ஊற்றிய தண்ணீர் கூடியிருக்கும், கேஸ்கட் தளர்ந்து ஓரத்தில் ஆவி கசிந்திருக்கும், இல்லையென்றால் கிழங்கின் பருமன் வேறாக இருந்திருக்கும்.

வேக வைப்பது சூடும் நேரமும்தான். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, என்னதான் தீயைக் கூட்டினாலும் வெறுமனே ஆவியாகிப் போகும். குக்கருக்குள் அழுத்தம் இரண்டு மடங்காகிவிடுவதால் அதே தண்ணீர் 120 டிகிரி வரை சூடாகிறது, ஆவியும் அதே சூட்டில் இருக்கிறது. அந்த 20 டிகிரி கிழங்குக்குப் பெரிய விஷயம். திறந்த பாத்திரத்தில் முழுசாகப் போட்டால் அரை மணி நேரம் கேட்கிற கிழங்கு குக்கரில் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும்.

மலை ஊர்க்காரர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கிழங்கு விளைகிற ஊரிலேயே திறந்த சட்டியில் கிழங்கு வேக அவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது ஒரு வேடிக்கை. குக்கரை மூடினால் அங்கேயும் 116 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடலாம், ஆகவே நான் கீழே சொல்லும் நேரத்தோடு இரண்டு மூன்று நிமிடம் கூட்டிக்கொண்டால் போதும். 1835-ல் சார்லஸ் டார்வின் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலையைக் கடந்தபோது, உருளைக்கிழங்கை ராத்திரி முழுக்க அடுப்பிலேயே விட்டு, காலையில் மறுபடி கொதிக்க வைத்தும் வேகவில்லை. கூட வந்த இருவரும் பேசி முடிவுக்கு வந்தார்களாம்: பானை புதுசு, இந்தப் பாழாய்ப்போன பானைக்குக் கிழங்கை வேக வைக்க இஷ்டமில்லை என்று! நம் வீட்டில் குக்கரைத் திட்டுவதும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். அந்த மலையில் அவர்களுக்குத் தேவைப்பட்ட பாத்திரத்தை அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1679-ல், டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில் செய்து காட்டியிருந்தார். எலும்பைக்கூட மெத்தென்று ஆக்கிவிடும் பாத்திரம் என்று அதற்குப் பேர். அழுத்தம் மீறினால் எழும்பிக்கொடுக்கும் எடை வைத்த வால்வும் அவருடைய யோசனைதான். இன்று நம் மூடியில் ஆடுகிற வெயிட் அதன் பேரப்பிள்ளை.

சரி, செய்முறைக்கு வருகிறேன். ஐந்து லிட்டர் குக்கர், முக்கால் கிலோ கிழங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழங்கைத் தோலோடு நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். மண் ஒட்டியிருந்தால் அந்த மண்வாசனை ஆவியோடு கிழங்கிலேயே ஏறும், தண்ணீரில் வேக வைக்கும்போது போல அது கரைந்து போகாது. குக்கரில் இரண்டு டம்ளர், அதாவது சுமார் 400 மில்லி தண்ணீர் ஊற்றி, குக்கரோடு வந்த ஓட்டைத் தட்டைப் போடுங்கள். தட்டு தண்ணீருக்கு மேலே நிற்க வேண்டும், இல்லையென்றால் கீழே இருக்கிற கிழங்கு மட்டும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கும். தட்டு தாழ்வாக இருந்தால் அடியில் ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் போடலாம். இட்லித் தட்டும் நன்றாக வேலை செய்யும், சின்னக் கிழங்கென்றால் குழியில் ஒவ்வொன்றாக உட்கார்ந்துகொள்ளும். கிழங்கைக் கத்தியால் குத்தாதீர்கள், தோலைச் சீவாதீர்கள். தண்ணீரில் உப்புப் போடுவதும் வீண், ஆவி உப்பைத் தூக்கிக்கொண்டு மேலே வராது.

மூடியைப் போட்டு, வெயிட் போடாமல், முழுத் தீயில் வையுங்கள். முதலில் ஆவி தயங்கித் தயங்கி வரும், அப்புறம் நேர்க்கோடாகச் சீறும். அப்படிச் சீற ஆரம்பித்து ஒரு நிமிடம் விட்டு வெயிட் போடுங்கள். இந்த ஒரு நிமிடத்தைப் பலர் மதிப்பதில்லை. மூடும்போது குக்கருக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. அது வெளியே போகாமல் ஆவியோடு கலந்து நின்றால், அழுத்தம் சரியாக இருந்தாலும் சூடு குறைவாகத்தான் இருக்கும், ஏனென்றால் அழுத்தத்தில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்கிறது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் கிழங்கை இது அவ்வளவாகப் பாதிக்காது, ஆவியை மட்டுமே நம்பியிருக்கும் கிழங்கை நன்றாகவே பாதிக்கும். ஆவியில் வைத்துப் பார்த்தேன், வேகவே இல்லை என்று சொல்பவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் கோட்டை விட்டிருப்பார்கள். சில குக்கர்களில் வெயிட்டை முதலிலேயே மாட்டச் சொல்லியிருப்பார்கள், அப்படியென்றால் அதன்படியே செய்யுங்கள்.

வெயிட் முதல் தடவை எழும்பிச் சீறியதும் தீயைச் சிம்முக்குக் கொண்டுவந்துவிட்டு, அந்த நொடியிலிருந்து கடிகாரத்தைப் பாருங்கள். வெயிட் லேசாக 'உஸ்' என்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் போதும், அழுத்தம் முழுதாக இருக்கிறது என்று பொருள். பெரிய எலுமிச்சை அளவுக் கிழங்குக்கு 7, 8 நிமிடம். கிலோவுக்கு எட்டு பத்து நிற்கிற நடுத்தரக் கிழங்குக்கு 12 நிமிடம். பாதியாக வெட்டியதென்றால் 6, 7 நிமிடம். ஒரு அங்குலத் துண்டுகளுக்கு 3 நிமிடமே அதிகம். நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு, பிரஷர் தானாக அடங்கும்வரை தொடாதீர்கள், சுமார் பத்து நிமிடம் ஆகும். இந்தப் பத்து நிமிடமும் வேக்காட்டில் சேர்த்திதான், அதையும் கணக்கில் வைத்துத்தான் மேலே உள்ள நேரங்களைச் சொன்னேன்.

இந்த நேரமெல்லாம் என் குக்கரில் வந்தவை. உங்களுக்கு ஒரு நிமிடம் முன்பின் ஆகலாம். முதல் தடவை திறந்ததும் ஒரு கிழங்கில் ஊசியோ கத்தி முனையோ நடுவரை செலுத்திப் பாருங்கள், தடையில்லாமல் போனால் அந்த நிமிடத்தைப் பென்சிலால் சமையலறைக் காலண்டரில் எழுதிவையுங்கள். இரண்டே தடவையில் உங்கள் வீட்டுக் கணக்கு பிடிபட்டுவிடும்.

அழுத்தம் அடங்கும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடுவது, குக்கரைக் குழாயடியில் காட்டுவது எல்லாம் அவசரத்தில் நாம் எல்லோரும் செய்வதுதான். அடுப்பை அணைத்த நேரத்தில் கிழங்கின் வெளிப்பகுதி 100 டிகிரிக்கு மேலே இருக்கிறது, அழுத்தம் இருப்பதால் உள்ளிருக்கும் தண்ணீர் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கிறது. கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான் என்பதை மறக்க வேண்டாம். சட்டென்று அழுத்தத்தை எடுத்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் ஒரே நேரத்தில் கொதிக்கப் பார்க்கும், தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். தோல் வெடித்துக் கூழாகிறது என்று நீங்கள் சொன்னதற்கு வேக்காடு மட்டும் காரணமாக இருக்க வேண்டியதில்லை, வெயிட்டைத் தூக்கிய அவசரமும் காரணமாக இருக்கலாம்.

பருமனைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சூடு கிழங்கின் வெளியிலிருந்து நடுவுக்கு ஊர்ந்துதான் போக வேண்டும், அப்படிப் போவதற்கான நேரம் பருமனோடு சேர்ந்து சமமாக ஏறுவதில்லை. பருமன் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்கு. ஆகவே ஒரே குக்கரில் எலுமிச்சை அளவு ஒன்றும் தேங்காய் மூடி அளவு ஒன்றும் போட்டால் எந்த நேரம் வைத்தாலும் ஒன்று கெட்டுத்தான் போகும். கடையில் பொறுக்கும்போதே ஒரே அளவாகப் பொறுக்குங்கள். முடியவில்லையா, பெரியதைப் பாதியாக வெட்டி, வெட்டுவாய் மேலே பார்க்கும்படி வையுங்கள். 200 கிராமுக்கு மேல் இருக்கிற கிழங்கை நான் முழுசாக வேக வைப்பதே இல்லை. நடு வேகிற நேரத்துக்குள் வெளி அரை அங்குலம் குழைந்துவிடும்.

அந்தக் குழைவு எங்கிருந்து வருகிறது என்றால், கிழங்குக்குள் இரண்டு வேலை நடக்கிறது. 60, 70 டிகிரி வாக்கில் மாவுச்சத்துத் துகள்கள் பக்கத்திலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி உப்புகின்றன. அதற்கும் மேலே, 80 டிகிரியைத் தாண்டும்போதுதான், கிழங்கின் உயிரணுக்களை (செல்களை) ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பசை இளக ஆரம்பிக்கிறது. பசை கொஞ்சம் இளகினால் வெந்தது என்கிறோம், முழுக்க இளகினால் குழைந்தது என்கிறோம். 100 டிகிரியில் இது மெதுவாக நடக்கும், ஐந்து நிமிடம் மறந்துபோனாலும் பெரிய சேதமில்லை. 120 டிகிரியில் விறுவிறுவென்று நடப்பதால் மூன்று நிமிடம் கூடினாலே கூழ். குக்கர் நேரத்தை மிச்சப்படுத்துகிறது, ஆனால் நம் மறதியை மன்னிப்பதில்லை. தண்ணீரில் கிடக்கும் கிழங்குக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கொதிக்கிற தண்ணீர் அதை உருட்டிப் புரட்டி மோதவைக்கும், இளகிய வெளிப்பகுதி உதிர்ந்து தண்ணீரில் கலக்கும், தோல் எங்கே விட்டதோ அந்த வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். ஆவியில் உட்கார்ந்திருக்கும் கிழங்கை யாரும் இடிப்பதில்லை. வைட்டமின் சி, பொட்டாசியம் போன்ற தண்ணீரில் கரைகிற சத்துகளும் வடிகிற தண்ணீரோடு போகாமல் கிழங்கிலேயே அதிகம் தங்கும்.

எங்கே இது பளிச்சென்று தெரியும் என்றால் போண்டாவிலும் கட்லெட்டிலும். தண்ணீரில் வெந்த கிழங்கைப் பிசைந்து உருட்டினால் கையில் ஈரம் ஒட்டும், அதைச் சமாளிக்க ரொட்டித்தூளும் சோளமாவும் சேர்த்துக்கொண்டே போவோம், கடைசியில் கிழங்கு ருசியே இருக்காது. எண்ணெயில் போட்டால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகி மாவை உடைத்துக்கொண்டு வரும். ஆவியில் வெந்ததைத் தட்டில் பரப்பி, சூடாக இருக்கும்போதே தோலுரித்து, இரண்டிரண்டாகப் பிட்டு ஐந்து நிமிடம் ஆவி பறக்க விட்டுப் பிசைந்து பாருங்கள், பொலபொலவென்று நிற்கும். ஆலு பரோட்டாவுக்கும் இதேதான், தேய்க்கும்போது கிழியாது. பிசைவதற்குக் கையோ மத்தோ போதும். தயவு செய்து மிக்ஸியில் போடாதீர்கள், உப்பிய மாவுச்சத்தெல்லாம் உடைந்து வெளியே வந்து சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி ஆகிவிடும்.

பூரிக் கிழங்குக்கு இதற்கு நேர்மாறாக, ஒன்றிரண்டு நிமிடம் கூட வேகவிட்டாலும் நல்லதுதான், கொஞ்சம் மசிந்து குழம்போடு சேர வேண்டும். பொடிமாஸுக்கு நடுத்தரம்.

சின்னக் கிழங்கு வறுவல்தான் கவனம் கேட்கும். அதற்கு இரண்டு நிமிடம் குறைத்து, 5, 6 நிமிடத்திலேயே அணைத்துவிடுங்கள், நடுவில் ஒரு துளி விறைப்பு இருந்தாலும் வாணலியில் சரியாகிவிடும். அப்புறம் ஒரு வேலை செய்யுங்கள்: தோலோடு ஆறவைத்து ஒரு மணி நேரம் ஃபிரிஜ்ஜில் வையுங்கள். ஆறும்போது மாவுச்சத்து மறுபடி இறுகும், தோல் வழுக்கிக்கொண்டு வரும், வாணலியில் புரட்டினால் ஓரம் உடையாது. மெஸ்ஸில் முந்தின நாள் ராத்திரியே வேக வைத்து மூடிவைத்துவிடுவார்கள், காலை வேலைப்பளுவுக்காகத்தான் அப்படி என்று நினைத்திருந்தேன்.

கிழங்கு எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். காய்கறிக் கடையில் ரகத்தின் பேரை யாரும் சொல்வதில்லை, ஊட்டி, கோலார், ஆக்ரா என்று ஊர்ப் பேர்தான். நீலகிரிக் கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து அங்கிருந்துதான் ஊர் ஊராகப் போகிறது. செம்மண் அப்பிக்கொண்டு, விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். ரகங்களின் பேரெல்லாம் 'குஃப்ரி' என்று ஆரம்பிக்கும்: குஃப்ரி ஜோதி, குஃப்ரி சந்திரமுகி, இரண்டும் 1968-ல் வந்தவை. குஃப்ரி என்பது சிம்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மலையூர், மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமையிடம் சிம்லா. அதன் கிளை ஒன்று ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கிறது. 1961-ல் நீலகிரி நிலங்களில் வேரைத் தின்னும் முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, அதைத் தாங்கும் ரகங்களை உருவாக்குவது அந்த நிலையத்தின் முக்கிய வேலைகளில் ஒன்றாகிவிட்டது. குஃப்ரி ஸ்வர்ணா அப்படி வந்ததுதான். சமையலுக்கு இதில் நமக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: மாவு அதிகமுள்ள கிழங்கா, ஈரம் அதிகமுள்ள மெழுகுக் கிழங்கா? முதலாவது வெந்தால் உதிரும், போண்டாவுக்கும் பிசைவதற்கும் அதுதான். இரண்டாவது துண்டு துண்டாக நிற்கும், குருமாவுக்கும் சாலடுக்கும் நல்லது. சந்தேகமாக இருந்தால் ஒரு பங்கு உப்பைப் பதினோரு பங்கு தண்ணீரில் கரைத்து அதில் கிழங்கைப் போடுங்கள், மாவுக் கிழங்கு மூழ்கும், மெழுகுக் கிழங்கு மிதக்கும். தினமும் செய்யச் சொல்லவில்லை, மூட்டையாக வாங்கினால் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும்.

வட இந்தியக் கிழங்கு பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் தோண்டப்பட்டுக் குளிர்பதனக் கிடங்குக்குப் போய் மாதக்கணக்கில் இருந்துவிட்டு வருவது. ரொம்பக் குளிரில் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறும், அதனால்தான் சில மாதங்களில் கிழங்கு இனிக்கிறது, வறுத்தால் சீக்கிரம் கறுக்கிறது. இந்த இடத்தில் ஆவி முறையின் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். சத்து தங்குகிற மாதிரியே சர்க்கரையும் தங்கும். இனிப்புக் கிழங்கு மாட்டிக்கொண்டால் ஒரு வாரம் பத்து நாள் சாக்குப்பையில் இருட்டாகக் காற்றோட்டமான இடத்தில் போட்டுவைத்தால் இனிப்புக் குறையும்; அவசரமென்றால் துண்டு போட்டு உப்புத் தண்ணீரிலேயே வேக வைத்து வடித்துவிடுங்கள், அன்றைக்கு ஆவி வேண்டாம். இதே காரணத்துக்காகத்தான் பச்சைக் கிழங்கை வீட்டு ஃபிரிஜ்ஜில் வைக்கக்கூடாது என்பது. இரண்டாவது குறை உப்பு. தண்ணீரில் வேக வைக்கும்போது ஏறுகிற உப்பு இதில் ஏறாது. தோலுரித்து வெட்டியதும், சூடு இருக்கும்போதே உப்பைத் தூவிப் புரட்டி வையுங்கள், ஆறின பிறகு போட்டால் மேலோடு நின்றுவிடும்.

பச்சை பூத்த கிழங்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் பட்ட கிழங்கில் பச்சை நிறத்தோடு சேர்ந்து சொலனின் என்ற நச்சுப்பொருளும் கூடுகிறது, குக்கர் சூட்டுக்கெல்லாம் அது அழியாது. ஓரமாகக் கொஞ்சம் பச்சையென்றால் ஆழமாகச் செதுக்கி எறியுங்கள், முழுக்கப் பச்சை என்றாலோ கசந்தாலோ குப்பைக்குத்தான். வெந்து ஆறிய பிறகு சில கிழங்கு சாம்பல் நிறத்தில் கறுக்குமே, அது வேறு. கிழங்கிலேயே இருக்கிற இரும்புச்சத்து இன்னொரு பொருளோடு சேர்ந்து காற்றுப் பட்டுக் கறுப்பது, பார்க்க நன்றாக இருக்காதே தவிர உடம்புக்கு ஒன்றும் செய்யாது.

அலுமினியக் குக்கர் கறுக்காமல் இருக்க அடித்தண்ணீரில் ஒரு சின்னத் துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடுகிற வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்கும். ஆவியில் வைக்கும்போது தாராளமாகப் போடலாம். கிழங்கைத் தண்ணீருக்குள்ளேயே போட்டு வேக வைக்கும்போது மட்டும் போடாதீர்கள், புளிப்புப் பட்டால் நான் மேலே சொன்ன பசை இளகாமல் அடம்பிடிக்கும். புளிக்குழம்பில் பச்சையாகப் போட்ட கிழங்கு எவ்வளவு கொதித்தாலும் நருக்கென்று நிற்பதன் ரகசியமும் இதுதான்.

பருப்போடு சேர்த்து வைக்கலாமா என்றால், வைக்கலாம். கீழே துவரம்பருப்புப் பாத்திரம், அதன்மேல் ஓட்டைத் தட்டில் நடுத்தரக் கிழங்கு முழுசாக. இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம் ஆகும், ஆகவே பொருந்திப் போகும். சாதத்தோடு வைத்தால் சாதம் முந்திக்கொள்ளும், அப்போது கிழங்கைப் பாதியாக வெட்டிவிடுங்கள். ஓட்டையில்லாத செப்பரேட்டர் பாத்திரத்தில் கிழங்கைப் போட்டு மூடிவைத்தால் மட்டும் பலன் குறைவு, உள்ளே ஆவி தண்ணீராகிச் சேர்ந்து அடியில் உள்ள கிழங்கு அதில் ஊறும். எலக்ட்ரிக் குக்கர் வைத்திருப்பவர்களுக்கு: அவற்றில் பெரும்பாலானவை அடுப்புக் குக்கரைவிடக் குறைந்த அழுத்தத்தில் ஓடுகின்றன, ஆகவே மூன்று நாலு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் குறைவாக ஊற்றுகிறோமே, வற்றிவிடாதா என்ற பயம் நியாயமானது. சிம்மில் வைத்தால் பன்னிரண்டு நிமிடத்துக்கு 400 மில்லி தாராளம், திறக்கும்போது பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். முழுத் தீயிலேயே விட்டு விசில் எண்ணிக்கொண்டிருந்தால்தான் வற்றும். நான் ஒரு தடவை தொலைபேசியில் பேசிக்கொண்டே மறந்து, அடி காய்ந்து, சேஃப்டி வால்வ் உருகிப் 'புஸ்'ஸென்று ஆவி முழுவதும் மேலே அடித்தது. கிழங்கு அடியில் கரிந்து, வீடெல்லாம் சுட்ட வாடை. அந்த வால்வின் நடுவில் இருக்கிற உலோகம் குறைந்த சூட்டிலேயே உருகும்படி செய்தது, நம் மறதிக்காகவே வைத்தது. உருகினால் புதுசு வாங்கிப் போடுங்கள், எதையாவது வைத்து அடைத்துச் சமாளிக்காதீர்கள். மூடியைப் போடுமுன் வெயிட் உட்காரும் துளையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள், முந்தின நாள் பருப்பு நுரை காய்ந்து அடைத்திருக்கலாம்.

இதையெல்லாம் படித்த பிறகும் இன்றைக்கு ஒரு குக்கர் கிழங்கு சொதப்பினால் என்ன செய்வது? நடுவில் கல்லாக இருந்தால் முழுசாக மறுபடி வைக்காதீர்கள், வெளிப்பகுதி கூழாகிவிடும். நாலாக வெட்டித் தட்டில் பரப்பி, வெயிட் போட்டு இரண்டு நிமிடம் வைத்தால் போதும். குழைந்துபோயிருந்தால் தோலை வழித்தெடுத்துவிட்டு, அடிகனமான வாணலியில் எண்ணெய் விடாமல் சிம்மில் நாலைந்து நிமிடம் புரட்டுங்கள். ஈரம் வற்றி, வாணலி ஓரத்தில் வெள்ளையாகப் படலம் கட்ட ஆரம்பித்ததும் இறக்கி, அன்றைக்குப் பூரிக் கிழங்கோ கட்லெட்டோ என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.